'முடி'யும் 'முடிவு'ம்: தமிழ் நிரலுக்கு நிறம் பூசுவது எப்படி

கொக்குவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரப் பாடத்தில் பைத்தன் வருவதால் எல்லாருக்கும் பைத்தன்தான் வேண்டும். நானோ முதல் மூன்று நான்கு வகுப்புகளை எழில் மொழியில் ஓட்டிவிடுவேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழியில் பதிப்பி, ஆனால், வரை, முடி என்று ஒதுக்கப்பட்ட சொற்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டாமல், மாறி என்றால் என்ன, சுற்று என்றால் என்ன என்பதை மட்டும் பிள்ளை யோசிக்கலாம்.

ஒரே குறை, எங்கள் எடிட்டரில் எழில் நிரல் முழுக்கக் கறுப்பாக இருந்தது. பைத்தன் கோப்பைத் திறந்தால் சொல்லுக்குச் சொல் நிறம் மாறும். எழில் கோப்பைத் திறந்தால் கடிதம் வாசிப்பது போல இருக்கும். சரி, நானே ஒரு சின்ன எடிட்டர் எழுதி நிறம் பூசுகிறேன் என்று ஓர் இரவு பைத்தனுடன் உட்கார்ந்தேன். அடுத்த வகுப்பில் அதைத் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "சேர், 'முடி' கறுப்பாவே நிக்குது. 'முடிவு'ல முன்பாதி மட்டும் நீலமாக் கிடக்கு."

பார்த்தால் உண்மைதான். பூச வேண்டிய சொல்லை விட்டுவிட்டு, பூசக்கூடாத சொல்லில் பாதிக்குப் பூசியிருந்தது. சும்மா ஒரு பிழை என்றால் பரவாயில்லை. இப்படி அச்சொட்டாகத் தலைகீழாக எப்படி வரும்? அதன் காரணம் விளங்கியபோதுதான் தமிழ்ச் சொற்களுக்கு நிறம் பூசுவதில் உள்ள சூட்சுமமும் விளங்கியது. அந்தப் பைத்தன் எடிட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு விஎஸ் கோட் என்ற எடிட்டரில் திரும்பச் செய்தேன். அதே வழியில் உங்களையும் கூட்டிப்போகிறேன். நிரல் எழுதிப் பழக்கம் அதிகம் தேவையில்லை. மூன்று சின்னக் கோப்புகள், கொஞ்சம் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடிப் பிடிக்கும் குறிமுறை), ஒரு பின்னேரம் போதும்.

ஒரு விஷயம் முதலிலேயே. வகுப்பில் வாயால் சொல்வது போலவே இங்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். மேட்ச், நேம், பிகின், என்ட் என்று வருமிடங்களில் நீங்கள் அந்தச் சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். எழிலின் தமிழ்ச் சொற்களை மட்டும் உள்ளபடியே தட்டவும்.

நிறத்தை நாம் தொடுவதில்லை

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "நீலம் என்று எங்கே எழுதுவது?" என்றுதான். எங்கேயும் எழுதுவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை இந்த இல்லம் என்று பதிவேட்டில் எழுதுவது ஒருவர் வேலை. அந்த இல்லத்துக்குச் சிவப்பா பச்சையா என்பது வேறொருவர் முடிவு. அடுத்த வருடம் இல்லத்தின் நிறத்தை மாற்றினால், பதிவேட்டில் ஒரு வரியும் திருத்தத் தேவையில்லை. எடிட்டரிலும் அப்படித்தான். "இந்தத் துண்டு கொமென்ட் (கணினி ஓட்டாமல் விடும் குறிப்பு), இது வசனச் சரம், இது ஒதுக்கப்பட்ட சொல்" என்று துண்டுகளை இல்லத்தில் சேர்ப்பது மட்டும் நம் வேலை. அந்த இல்லப் பெயருக்கு ஸ்கோப் என்று பெயர். நிறத்தைத் தருவது தீம். மத்தியான வெயிலில் முற்றத்தில் இருந்து வேலை செய்பவர் வெள்ளைத் தீம் வைப்பார், இரவில் மற்றவர்கள் நித்திரை என்று விளக்கை அணைத்துவிட்டு இருப்பவர் கறுப்புத் தீம் வைப்பார். இருவருக்கும் நம் கோப்பு ஒன்றுதான்.

ஸ்கோப் பெயர்களை நாமாகக் கற்பனை செய்யக்கூடாது. தீம் எழுதியவர்களுக்குத் தெரிந்த பெயர்களைத்தான் வைக்க வேண்டும். இந்தப் பெயரிடும் முறை 2004 இல் மாக் கணினிக்கு வந்த டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரிலிருந்து வந்தது. 2015 இல் வந்த விஎஸ் கோட் அதையே எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டியவை ஐந்தோ ஆறோதான்: கொமென்ட்.லைன், ஸ்டிரிங்.கோட்டட்.டபிள், கீவேர்ட்.கொன்ட்ரோல், கொன்ஸ்டன்ட்.நியூமெரிக், என்டிட்டி.நேம்.ஃபங்ஷன். ஒவ்வொன்றின் கடைசியிலும் புள்ளி வைத்து மொழியின் பெயரைச் சேர்ப்பது வழக்கம். எங்கள் விஷயத்தில் அது எழில்.

இடைச்செருகலாக ஒன்று. வாசித்துக்கொண்டே நிறம் பூசும் எடிட்டர்களில் மிகப் பழையவற்றில் ஒன்று 1985 இல் ஐபிஎம்மில் மைக் கவுலிஷா எழுதிய லெக்ஸ். அவர் அதை எழுதியது ஆக்ஸ்ஃபர்டின் பெரிய ஆங்கில அகராதியைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலைக்காக. தலைச்சொல் எது, பொருள் எது, மேற்கோள் எது என்று கண்ணுக்குப் பிரித்துக் காட்டத்தான் நிறம் வந்தது. 1842 இலேயே மானிப்பாயில் தமிழ் அகராதி அச்சடித்த மண்ணில் இருந்துகொண்டு இதை வாசித்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

முதலில் சோதனைக் கோப்பு

ரெஜெக்ஸ் எழுதுவதற்கு முன்பே, பொறிகள் வைத்த ஒரு சோதனை நிரலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நீங்களே உங்களை ஏமாற்றிக்கொள்வீர்கள். நான் வைத்திருப்பது இது:

```
# ஒடியல் கூழ்க் கணக்கு
நிரல்பாகம் பங்கு(மீன், பேர்)
    முடிவு = மீன் / பேர்
    பின்கொடு முடிவு
முடி

ஆகமொத்தம் = 0
கடைசிவரை = 7
நாள்1 = 1
@(நாள்1 < கடைசிவரை) வரை
    ஆகமொத்தம் = ஆகமொத்தம் + பங்கு(12, 4)
    நாள்1 = நாள்1 + 1
முடி

@(ஆகமொத்தம் > 10.5) ஆனால்
    பதிப்பி "எல்லாருக்கும் காணும் # கவலை இல்லை"
இல்லை
    பதிப்பி "இன்னும் மீன் வாங்கு"
முடி
```

பொறிகள் எங்கே என்று பாருங்கள். முடிவு என்ற மாறிக்குள் 'முடி' ஒளிந்திருக்கிறது. ஆகமொத்தம் 'ஆக'வில் தொடங்குகிறது, கடைசிவரை 'வரை'யில் முடிகிறது. ஆக என்பதும் வரை என்பதும் எழிலில் சுற்றுகளுக்கான சொற்கள். மேற்கோளுக்குள் ஒரு # இருக்கிறது, அது கொமென்ட் ஆகக்கூடாது. அதே மேற்கோளுக்குள் 'இல்லை' இருக்கிறது, அது ஒதுக்கப்பட்ட சொல் ஆகக்கூடாது. நாள்1 என்பதன் கடைசி 1 எண்ணின் நிறத்தை எடுக்கக்கூடாது. எழில் நிரல்களின் கோப்பு நீட்சி புள்ளிக்குப் பிறகு ஒரே ஓர் 'என்' எழுத்து. அந்த நீட்சியோடு, யூடிஎஃப்-8 இல் சேமியுங்கள்.

மூன்று கோப்புகள்

ஒரு வெறும் கோப்புறை திறந்து அதற்குள் இவற்றை உருவாக்க வேண்டும்.

முதலாவது பாக்கேஜ்.ஜேசன் (ஜேசன் என்பது தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதிவைக்கும் ஒரு கோப்பு வடிவம்). இது அறிமுகக் கடிதம் மாதிரி. நேம், வெர்ஷன், பப்ளிஷர் (உங்களுக்குப் பிடித்த ஒரு பட்டப்பெயர்), என்ஜின்ஸ் என்பதற்குள் எந்த விஎஸ் கோட் பதிப்பிலிருந்து ஓட வேண்டும் என்பது, பிறகு கொன்ட்ரிபியூட்ஸ். இந்தக் கொன்ட்ரிபியூட்ஸுக்குள் இரண்டு பட்டியல்கள். லாங்குவேஜஸ் என்ற பட்டியலில் மொழியின் ஐடி, கோப்பு நீட்சி, அமைப்புக் கோப்பின் பாதை. கிரமர்ஸ் என்ற பட்டியலில் அதே ஐடி, ஸ்கோப்நேம் (இதில் 'நேம்' என்பதன் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து; மதிப்பு சோர்ஸ்.எழில்), இலக்கணக் கோப்பின் பாதை. இரண்டு பட்டியலிலும் ஐடி எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த நிறமும் வராமல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது பிரச்சினை இங்கேதான் இருக்கும். என் வகுப்பில் அப்படித்தான்.

இரண்டாவது லாங்குவேஜ் கொன்ஃபிகரேஷன் என்ற அமைப்புக் கோப்பு. கொமென்ட் குறி # என்று இதில் சொன்னால், கொன்ட்ரோல் விசையோடு / தட்டியதும் வரி முழுக்கக் கொமென்ட் ஆகும். அடைப்புக்குறிச் சோடிகளையும் மேற்கோளையும் சொன்னால், திறந்ததும் தானாக மூடிக்கொள்ளும். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

மூன்றாவதுதான் இலக்கணக் கோப்பு. இனிச் சொல்லப்போவதெல்லாம் அதற்குள்தான். மேலே ஸ்கோப்நேம், கீழே பேட்டர்ன்ஸ் என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு விதியாக அடுக்கப்போகிறோம்.

கொமென்ட்டும் மேற்கோளும்

இவை இலேசானவை.

```
{ "நேம்": "கொமென்ட்.லைன்.எழில்",
  "மேட்ச்": "#.*$" },

{ "நேம்": "ஸ்டிரிங்.கோட்டட்.டபிள்.எழில்",
  "பிகின்": "\"",
  "என்ட்": "\"|$" }
```

முதல் விதி ஒற்றை வரி: # இலிருந்து வரியின் முடிவு வரை. இரண்டாவதில் தொடக்கமும் முடிவும் தனித்தனி. என்ட் வரியில் நான் போட்டிருக்கும் |$ ஐக் கவனியுங்கள். "மேற்கோள் வந்தால் அல்லது வரி முடிந்தால் நிறுத்து" என்று பொருள். அது இல்லாவிட்டால், மேற்கோளை மூட மறந்த ஒரு வரிக்குக் கீழே, அடுத்த மேற்கோள் வரும்வரை உள்ள அத்தனையும் சரத்தின் நிறத்துக்கு மாறிவிடும். பெரிய மொழிகளில் பல வரிச் சரங்கள் இருக்கும், அங்கே இப்படி வைக்க முடியாது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரிக் கட்டுப்பாடு பெரிய உதவி.

மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு ஏன்? ஜேசன் கோப்பே மேற்கோளால் ஆனது. உள்ளே ஒரு மேற்கோள் வேண்டுமென்றால் பின்சாய்கோடு போட்டுத்தான் எழுத வேண்டும். அதே காரணத்தால் ரெஜெக்ஸில் ஒரு பின்சாய்கோடு வேண்டிய இடத்தில் ஜேசனில் இரண்டு போட வேண்டும். இதை மறந்தால் கோப்பே திறக்காது, பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது.

இங்கே பலரும் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "கொமென்ட் விதியை முதலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்கோளுக்குள் உள்ள # குழப்பும்" என்பார்கள். அப்படியில்லை. டெக்ஸ்ட்மேட் முறையில் வரியை இடமிருந்து வலமாகப் பார்க்கும்போது எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதுதான் வெல்லும். சோதனைக் கோப்பில் மேற்கோள் # க்கு முன்னால் வருகிறது. ஆகவே சர விதி பிடித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் # ஐயோ 'இல்லை'யையோ வேறு யாரும் தொட முடியாது. இரண்டு விதிகள் ஒரே எழுத்தில் தொடங்கினால் மட்டும்தான் பட்டியலில் எது மேலே என்பது பேச்சு. அந்த நிலைமை கொஞ்சம் கீழே வரும்.

'முடி' எங்கே முடிகிறது?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஒதுக்கப்பட்ட சொற்களைப் பிடிக்க எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: சொல்லுக்கு இரு பக்கமும் 'சொல் எல்லை' என்ற குறியைப் போடு. பின்சாய்கோட்டுடன் ஓர் ஆங்கிலச் சின்ன 'பி' எழுத்து. எல்லை என்றால் என்ன? ஒரு பக்கம் சொல்லெழுத்து, மறுபக்கம் சொல்லெழுத்து அல்லாதது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சொல்லெழுத்து என்பதை ஒவ்வொரு ரெஜெக்ஸ் இயந்திரமும் தன்பாட்டுக்கு முடிவு செய்கிறது. தமிழ் மாட்டுப்படும் இடம் அதுதான்.

யூனிகோடில் 'முடி' என்பது நமக்குத் தெரிகிற மாதிரி இரண்டு எழுத்து இல்லை, நான்கு குறியீடுகள்: ம, உகரக் குறி, ட, இகரக் குறி. ம வும் ட வும் 'எழுத்து' என்ற வகையில் வருகின்றன. உயிர்க்குறிகளும் மெய்யின் புள்ளியும் 'ஒட்டுக்குறி' என்ற வேறு வகை. பைத்தனின் வழக்கமான ரெஜெக்ஸ் நூலகம் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் சொல்லெழுத்தாக எடுக்கும். ஒட்டுக்குறி அதன் கணக்கில் வெளியாள். சந்தேகமென்றால் அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துச் சொல்லெழுத்துக் கூட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக்கிக் கையில் தரும்.

இனி என் எடிட்டரில் நடந்ததைப் பாருங்கள். தனியாக நிற்கும் 'முடி'யில் கடைசியாக உள்ளது இகரக் குறி, வெளியாள். அதற்குப் பிறகு வெற்றிடம், அதுவும் வெளியாள். இரு பக்கமும் வெளியாள் என்றால் எல்லை இல்லை, ஆகவே பொருத்தமும் இல்லை. 'முடிவு'வில் அதே இகரக் குறிக்குப் பிறகு வ வருகிறது. வெளியாள், பிறகு எழுத்து. இதோ எல்லை! ஆகவே 'முடிவு'வின் முன்பாதி நீலம். அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான்.

இன்னும் வேடிக்கை, 'ஆக' மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அது வெறும் க வில் முடிகிறது, க எழுத்துதான். அதனால்தான் முதல் நாள் இரவு நான் 'ஆக'வை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். ஆனால் அதுவும் முழுக்கச் சரியில்லை. 'ஆகாயம்' என்று ஒரு மாறி வைத்தால், க வுக்குப் பிறகு வரும் ஆகாரக் குறி வெளியாள் என்பதால் முதல் இரண்டு குறியீடுகள் நீலமாகும். துணைக்கால் மட்டும் கறுப்பாகத் தொங்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் கதை வேறு. அங்கே சொல் எல்லைக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் சொல்லெழுத்து. தமிழ் முழுவதுமே வெளியாள். ஆகவே எந்தத் தமிழ்ச் சொல்லும் ஒருநாளும் நிறம் எடுக்காது. இணையப் பக்கங்களில் நிரலுக்கு நிறம் பூசும் கருவிகள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுபவை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஎஸ் கோட் இலக்கணக் கோப்புகளுக்குப் பயன்படுத்தும் இயந்திரம் ஒனிகுருமா. அது யூனிகோடில் ஒட்டுக்குறிகளையும் சொல்லெழுத்தாகவே எடுக்கிறது. அதாவது அங்கே வழக்கமான சொல் எல்லைக் குறியே சரியாக வேலை செய்யும். பிறகேன் இவ்வளவு கதை? ஏனென்றால் இன்றைக்கு விஎஸ் கோட்டுக்கு எழுதும் விதியை நாளைக்கு ஓர் இணையப் பக்கத்துக்கோ பைத்தன் கருவிக்கோ கொப்பி பண்ணுவீர்கள். மூன்று இயந்திரத்தில் மூன்று விதமாக நடக்கும் குறியை நம்புவதைவிட எல்லையை நாமே வகுத்துவிடுவது நல்லது. வேலியை நாம் அடைத்தால் பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு பிரச்சினை இல்லை.

வேலி இப்படி:

```
{ "நேம்": "கீவேர்ட்.கொன்ட்ரோல்.எழில்",
  "மேட்ச்": "(?<![ஃ-௺_0-9])(இல்லைஆனால்|இல்லை|ஆனால்|ஒவ்வொன்றாக|ஆக|வரை|பின்கொடு|நிறுத்து|தொடர்|முடி)(?![ஃ-௺_0-9])" }
```

முன்னால் உள்ள (?<! என்பது "எனக்கு முன்னே இவற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது", பின்னால் உள்ள (?! என்பது "எனக்குப் பிறகு இவற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது". சதுர அடைப்புக்குள் ஃ முதல் ௺ வரை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில், ஆய்தத்தில் தொடங்கி உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி, தமிழ் எண்கள் எல்லாவற்றையும் தாண்டி கடைசிக் குறியான ௺ வரை இந்த வீச்சுக்குள் அடங்கிவிடும். எழுத்தா ஒட்டுக்குறியா என்ற வழக்கே இல்லை. மாறிப் பெயர்களில் ஆங்கில எழுத்தும் கலக்கும் என்றால் அதே அடைப்புக்குள் ஏ முதல் இஸட் வரை சின்ன, பெரிய எழுத்து வீச்சுகளையும் சேருங்கள்.

'இல்லைஆனால்' என்ற நீளச் சொல்லை 'இல்லை'க்கு முன்னால் வைத்திருக்கிறேன். வேலி இருப்பதால் வரிசை மாறினாலும் இயந்திரம் திரும்பி வந்து சரியானதைப் பிடிக்கும். ஆனால் வேலியை யாராவது கழற்றினால் வரிசை காப்பாற்றும். பழக்கமாகவே நீளமானதை முதலில் எழுதுங்கள்.

பதிப்பி என்ற சொல்லுக்கும் இதே வேலியோடு தனியாக ஒரு விதி எழுதி, சப்போர்ட்.ஃபங்ஷன் என்ற ஸ்கோப் கொடுத்தேன். 'முடி'யும் 'பதிப்பி'யும் ஒரே நிறத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டுச் சொல் எது, வேலை செய்யும் சொல் எது என்று பிரிந்து தெரியவில்லை. இது என் விருப்பம்தான்.

எண்ணும் நிரல்பாகமும்

எண்ணுக்கும் அதே வேலி:

```
"மேட்ச்": "(?<![ஃ-௺_0-9])[0-9]+(\\.[0-9]+)?"
```

நாள்1 இன் 1 க்கு முன்னால் ள் இருப்பதால் அது தப்பிவிடும். புள்ளிக்கு முன்னே இரட்டைப் பின்சாய்கோடு, மேலே சொன்ன ஜேசன் காரணம்.

நிரல்பாகத்தின் பெயருக்குத் தனி நிறம் வேண்டுமென்றால், சொல்லையும் பெயரையும் ஒரே விதியில் பிடித்து, கப்சர்ஸ் என்ற பகுதியில் 1 க்கு ஒரு ஸ்கோப், 2 க்கு ஒரு ஸ்கோப் என்று கொடுக்க வேண்டும்:

```
"மேட்ச்": "(?<![ஃ-௺_0-9])(நிரல்பாகம்)[ ]+([ஃ-௺_][ஃ-௺_0-9]*)"
```

1 க்குக் கீவேர்ட்.கொன்ட்ரோல், 2 க்கு என்டிட்டி.நேம்.ஃபங்ஷன். பெயர் தட்டுவதற்கு முன்பே 'நிரல்பாகம்' நிறமெடுக்க வேண்டுமென்றால் அதை ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலிலும் சேர்க்கலாம். அப்போது இரண்டு விதிகள் ஒரே எழுத்தில் தொடங்கும். நான் முன்பு சொன்ன நிலைமை இதுதான். இந்த நீள விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் 'பங்கு' கறுப்பாகவே இருந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

கோப்புறையை விஎஸ் கோட்டில் திறந்து எஃப்5 விசையை அழுத்துங்கள். எதை வைத்து ஓட்ட வேண்டும் என்று கேட்டால் எக்ஸ்டென்ஷன் டெவலப்மென்ட் என்பதைத் தெரியுங்கள். புதிதாக இன்னொரு சாளரம் திறக்கும். அதில் சோதனைக் கோப்பைத் திறந்தால் நிறம் தெரிய வேண்டும். இலக்கணக் கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாளரத்தை ரீலோட் செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடித் திரும்பத் திறக்கத் தேவையில்லை.

நிறத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். சில தீம்களில் இரண்டு ஸ்கோப்புகளுக்கு ஒரே நிறம் இருக்கும். கட்டளைப் பலகையைத் திறந்து 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' என்பதைத் தட்டினால், கேர்சர் நிற்கும் சொல்லுக்கு எந்த ஸ்கோப் கிடைத்தது, தீமின் எந்த விதி நிறம் கொடுத்தது என்று பெட்டி போட்டுக் காட்டும். முதல் நாளிலேயே இதைத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு கிழமை மிச்சம்.

எல்லாம் சரியாக எழுதியும் நிறம் வராவிட்டால்

இரண்டு வாரம் கழித்து வேறொரு பெடியன் வந்தான். அவனுடைய 'முடி' நிறமாகிறது, 'வரை' நிறமாகிறது, 'பின்கொடு' மட்டும் கறுப்பு. என் மடிக்கணினியில் அதே சொல்லைத் தட்டினால் நிறம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் 'கொ'வில் இருந்தது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு. அவன் பயன்படுத்திய தட்டச்சுக் கருவி இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'ஒவ்வொன்றாக' என்ற சொல்லிலும் இதே சிக்கல் வரும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இப்படி இரட்டை வடிவம் உண்டு.

விதியில் இரண்டு வடிவத்தையும் | போட்டுச் சேர்த்துவிடலாம். நான் சேர்க்கவில்லை. மொழியை ஓட்டும் இன்டர்பிரிட்டர் பிரிந்த வடிவத்தை வேறு சொல்லாக எடுத்தால், அழகாக நிறம் பூசிய ஒரு பிழையை அல்லவா பிள்ளைக்குக் காட்டுவோம். கறுப்பாக நிற்கும் 'பின்கொடு', "இங்கே ஏதோ பிழை" என்று அவனுக்குச் சொல்லட்டும். திருத்துவது எளிது: கோப்பை யூனிகோட் சீராக்கத்தில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். பைத்தனில் அதற்கு ஒரே வரி போதும்.

பாமினியில் தட்டிக்கொண்டு வருபவர்களின் பிரச்சினை இதைவிடப் பெரியது, ஆனால் கண்டுபிடிக்கச் சுகம். எங்கள் ஊரில் அச்சகம், அலுவலகம் என்று எங்கு போனாலும் பாமினி எழுத்துருவைக் காணலாம். அதில் தட்டியது தமிழ்போலத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். விஎஸ் கோட்டில் ஒட்டியதும் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பையாக வந்து விழும். கை பாமினிக்குப் பழகியிருந்தால் விரல்களை மாற்ற வேண்டாம். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடைத் தரும் கருவிகள் இருக்கின்றன. யூனிகோடையே தரும் ரெங்கநாதன் விசை அமைப்பில் பழகியவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

இன்னும் ஒன்று, அமைப்புக் கோப்பில் வேர்ட்பேட்டர்ன் என்று ஒரு வசதி உண்டு. தட்டும்போது எடிட்டர் சொற்களைப் பரிந்துரைக்க, எதுவரை ஒரு சொல் என்று முடிவு செய்வது அது. அது ஒனிகுருமாவில் ஓடுவதில்லை, ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது. வேறு மொழியின் கோப்பிலிருந்து அதைக் கொப்பி பண்ணினால் தமிழ்ச் சொற்கள் துண்டு துண்டாகப் பரிந்துரையில் வரலாம். ஒன்றும் எழுதாமல் விட்டாலே விஎஸ் கோட் தமிழைச் சரியாகத் தெரிந்துகொள்கிறது. ஆகவே விட்டுவிடுங்கள். அதே கோப்பில் வரும் உள்தள்ளல் விதிகளும் ஜாவாஸ்கிரிப்ட்தான். அங்கே நான் வரியின் தொடக்கம், முடிவு என்ற ^, $ குறிகளை மட்டும் நம்புகிறேன்:

```
"இன்கிரீஸ்": "^[ ]*நிரல்பாகம்[ ]|\\)[ ]*(ஆனால்|வரை|ஆக)[ ]*$|^[ ]*இல்லை[ ]*$"
"டிகிரீஸ்": "^[ ]*(முடி|இல்லை)[ ]*$"
```

உண்மையான சாவிப் பெயர்கள் இவற்றைவிட நீளம்: இன்கிரீஸ்இன்டென்ட்பேட்டர்ன், டிகிரீஸ்இன்டென்ட்பேட்டர்ன். நடுவே வரும் இன்டென்ட், பேட்டர்ன் இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்து.

பிள்ளைகளின் கைக்கு

நோட்.ஜேஎஸ் நிறுவி, அதோடு வரும் என்பிஎம் வழியாக விஎஸ்சிஇ என்ற கருவியை எடுத்து, கோப்புறைக்குள் நின்று 'விஎஸ்சிஇ பாக்கேஜ்' என்று ஓட்டினால் ஒரே ஒரு விசிக்ஸ் கோப்பு கிடைக்கும். உரிமக் கோப்பு இல்லை, களஞ்சிய முகவரி இல்லை என்று முணுமுணுக்கும். வகுப்புக்கு மட்டும் என்றால் ஆம் சொல்லித் தொடரலாம். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்று புள்ளியை அழுத்தி, 'இன்ஸ்டால் ஃப்ரம் விசிக்ஸ்' என்பதைத் தெரிந்தால் வேலை முடிந்தது. இணையம் தேவையில்லை.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. 'பங்கு' என்ற பெயரை வரையறுத்த இடத்தில் நிறம் பூசினோம், ஆனால் பத்து வரிக்குக் கீழே அழைக்கும் இடத்தில் அது நிரல்பாகமா மாறியா என்று ரெஜெக்ஸுக்குத் தெரியாது. அது வரி வரியாகப் பார்க்கிறது, நிரலை விளங்கிக்கொள்வதில்லை. அதற்கு நிரலை மரமாகப் பகுக்கும் ட்ரீ-சிட்டர் போன்றவை வேண்டும். நியோவிம், செட் போன்ற எடிட்டர்கள் அதைப் பயன்படுத்துகின்றன, ஈமாக்ஸிலும் 29 ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் அங்கே மொழியின் முழு இலக்கணத்தையும் எழுத வேண்டும், அதுவும் ஜாவாஸ்கிரிப்டில். முதல் முயற்சிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாக்கேஜ்.ஜேசனில் வெர்ஷன் எண்ணை ஒன்று கூட்டிவிட்டுத்தான் பென் டிரைவில் போடுங்கள். நான் மூன்று வாரம் 0.0.1 என்றே கொடுத்துக்கொண்டிருந்தேன். யாருடைய கணினியில் எந்த 'முடி' இருக்கிறது என்று கண்டுபிடிக்க வீடு வீடாகப் போக வேண்டி வந்தது.